வாசல் பார்த்த நாற்காலி

அந்த முதியோர் இல்லத்தில் அவளுக்குப் பெயர் அக்கா. எண்பது வயதுக் கிழவர்கள்கூட அப்படித்தான் கூப்பிடுவார்கள். அவளும் தலையெழுத்தே என்று திரும்பிப் பார்ப்பாள். குளிப்பாட்டுவது, சவரம் செய்துவிடுவது, உடை மாற்றுவதெல்லாம் அவள் வேலை. சோப்பு கண்ணில் படாமல் தலை தேய்த்துவிடுவதில் அவளை மிஞ்ச ஆளில்லை.

ஊரில் வேறு இடமே இல்லாததுபோல் அவளுடைய மாமனாரும் அங்கேதான் வந்து சேர்ந்தார். மகன்கள் இரண்டு பேரும் அவரைச் சக்கர நாற்காலியோடு இறக்கிவிட்டு, கார் எஞ்சினைக்கூட அணைக்காமல் போய்விட்டார்கள்.

அக்காவின் புருஷன் மூன்றாவது மகன். கைக்குழந்தையை விட்டுவிட்டு விபத்தில் போய்ச் சேர்ந்தான். வேலைக்குப் போகிற நேரம் மட்டும் குழந்தையைப் பார்த்துக்கொள்ளுங்கள் மாமா என்று அவள் கெஞ்சியபோது, இதே மனிதர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னார்: “என் புள்ளையே போயிட்டான். இனிமே நீ யாரோ, நான் யாரோ.” மற்ற மகன்களின் பிள்ளைகள் அவர் மடியில் உருண்டு வளர்ந்தார்கள். அக்காவின் பெண்ணோ பக்கத்து வீடுகளிலும், அம்மா அப்போது வேலை பார்த்த மருத்துவமனையின் அழுக்குத்துணி மூட்டைகளுக்கு நடுவிலும் வளர்ந்தாள். அதை மறப்பாளா அக்கா? யார் தலைகீழாக நின்றாலும் மறக்கமாட்டாள்.

பார்த்ததுமே அவருக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. “நீயாம்மா?” என்று அழுதார்.

“உள்ள வாங்க ஐயா,” என்றாள். மாமா என்று கூப்பிட வாய் வரவில்லை. அவளும் வரவழைக்கவில்லை.

“பேத்திய ஒரே ஒரு தடவ கண்ணுல காட்டும்மா. உன்னக் கையெடுத்துக் கும்பிடறேன்.”

அப்போதுதான் அக்காவுக்கு வழி புலப்பட்டது. “அதுக்கென்ன, ஞாயித்துக்கிழமை வருவா.”

ஞாயிறு பார்வையாளர் நாள். யாரும் வராதவர்களை அன்று பின்பக்கம் டி.வி. முன்னால் உட்காரவைப்பது அங்கே வழக்கம். அடுத்தவர் வீட்டுக் கூட்டத்தைப் பார்த்து மனசு நோக வேண்டாமே என்றுதான். அக்கா மாமனாரை மட்டும் மழமழவென்று மழித்து, சலவைச் சட்டை போட்டு, தலை வாரி, வாசலைப் பார்த்த ஜன்னலோரம் தள்ளிக்கொண்டுபோய் வைப்பாள். கேட் சாத்தும்வரை நகர்த்தமாட்டாள். “பெத்த பொண்ணுகூட இப்படிப் பாக்காதுக்கா,” என்று நர்ஸ் மெச்சுவாள். பேத்திக்கோ அவர் இருப்பதே தெரியாது. ஒவ்வொரு வண்டி வந்து நிற்கும்போதும் அவர் கழுத்து நீளும், பிறகு சுருங்கும். அதைப் பார்த்து அக்காவுக்கு வயிறு குளிர்ந்தது. பொய் சொல்வானேன், நன்றாகவே குளிர்ந்தது.

ஒரு ஞாயிறு மகள் வந்து நின்றாள். வீட்டுச் சாவியை அம்மா கையோடு கொண்டுவந்துவிட்டதால், உள்ளே போக முடியாமல் நேராக இங்கே வந்திருந்தாள். அப்பாவை உரித்துவைத்த முகம். கிழவருக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

“என்ன தாத்தா, யாருக்குக் காத்துட்டிருக்கீங்க?” என்றாள்.

“பேத்திக்கு.”

“குடுத்து வச்சவ. எனக்குத் தாத்தாவே இல்ல. நான் பொறக்கறதுக்கு முன்னாடியே போயிட்டாராம், அம்மா சொன்னாங்க.”

துண்டோடு வந்த அக்கா அப்படியே நின்றுவிட்டாள். கிழவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். அவர் வாயைத் திறந்தால் போதும், அவள் இத்தனை வருஷமாகச் சொன்ன பொய் சந்தி சிரிக்கும். அப்புறம் பெண் அவள் முகத்தில்கூட விழிக்கமாட்டாள்.

“ஆமாம்மா,” என்றார் அவர். “அவர எனக்குத் தெரியும். செத்துட்டாரு. அப்படி ஒண்ணும் நல்ல மனுஷன் இல்ல.”

பெண் சிரித்துவிட்டு, அவர் கையைப் பிடித்துக் குலுக்கினாள். அம்மாவிடம் சாவியை வாங்கிக்கொண்டு போய்விட்டாள்.

“என்ன உள்ள கொண்டு போயிடும்மா,” என்றார். “பாக்க வேண்டியதப் பாத்தாச்சு. அடுத்த வாரத்துலேருந்து நானும் டி.வி. பாக்கறேன்.”

அன்று தட்டில் வைத்ததையெல்லாம் சாப்பிட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கினார். அக்கா கட்டிலோரம் நின்று பார்த்தாள். பற்றிக்கொண்டு வந்தது. இந்த மனிதருக்கு அவள் இனி நன்றி வேறு சொல்ல வேண்டுமா? தோளைப் பிடித்து உலுக்கினாள்.

“எந்திரிங்க. காப்பாத்த வேண்டிய அன்னிக்குக் காப்பாத்தல. இன்னிக்கு என்னக் காப்பாத்தச் சொல்லி உங்கள யாரு கேட்டா?”