அண்ணன் போகாத வியாழக்கிழமை

அண்ணன் கர்த்தருக்குள் நித்திரையடைந்து ஓராண்டு நிறைகிறது. இம்மலரைப் பெறும் உறவினர்களும் சபையாரும் அவரைப் பிரசங்க பீடத்தில் பலமுறை கண்டிருப்பீர்கள். திங்கட்கிழமைக் காலைகளில் சாப்பாட்டு மேசையில் பென்சிலைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவரை வீட்டார் மட்டுமே கண்டோம். நான் நெடுங்காலமாக நாட்குறிப்பு எழுதுகிறவன். அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே இதை எழுதுகிறேன்.

அண்ணன் திருச்சிராப்பள்ளிக்குத் தெற்கே ஒரு சிற்றூரில் பிறந்தார். எங்கள் தகப்பனார் இலங்கையில் நமுனுகுலப் பக்கத்துத் தோட்டமொன்றுக்குக் கணக்கப்பிள்ளையாக வந்தபோது அண்ணனுக்கு ஏழு வயது, நான் பிறந்திருக்கவில்லை. கோப்பிச் செடிகள் நோய்ப்பட்டு அழிந்து, தேயிலை நட்டுக்கொண்டிருந்த காலம் அது. அம்மா காய்ச்சலில் இறந்தபின் என்னைக் குளிப்பாட்டிச் சோறூட்டியவர் அண்ணனே. பதுளையில் படித்து, சில காலம் உபதேசியாராக இருந்து, பின்னர் போதகராகி, இறுதிவரை பதுளைச் சபையையும் சுற்றுத் தோட்டங்களையும் கவனித்தார்.

திங்கட்கிழமை அவருக்கு ஓய்வு நாள் என்பது பெயருக்குத்தான். காலை ஜெபம் முடிந்ததும், நான் அரசாங்கக் கச்சேரிக்கு வேலைக்குப் புறப்படுமுன், ஒரு தாளில் ஏழு கட்டங்கள் கோடு போட்டுக் கொடுப்பேன். போகும் இடத்தையும் நடத்துகிறவர் பெயரையும் அவர் நிரப்புவார். திங்கள் காலை ஜெபம். செவ்வாய் பூனாகலை. புதன் திரும்பும் வழியில், தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் லயங்களில் நோயாளிகள். வியாழன் நமுனுகுல. வெள்ளி உபவாச ஜெபம். சனி பிரசங்க ஆயத்தம். ஞாயிறு காலை ஆராதனை, மாலை ஆஸ்பத்திரி. இரயில் பண்டாரவளையோடு நின்றிருந்த காலமாகையால் பெரும்பாலும் நடைதான். நடந்துகொண்டே ஜெபிப்பார், பாதையின் ஒவ்வொரு வளைவுக்கும் ஒரு குடும்பம் என்று வைத்திருந்தார். ஒருமுறை உடன் சென்ற நான் ஏதோ பேச்செடுத்தபோது, "கொஞ்சம் பொறுடா, இது யோசேப்பு வீட்டு வளைவு" என்றார்.

அவருடைய குறை ஒன்றையும் எழுதவேண்டும். அண்ணியிடம் அனுமதி கேட்டே எழுதுகிறேன். ஏழு கட்டங்களிலும் அண்ணன் பெயர் ஒன்றே இருக்கும். ஜெபிப்பதும் பாட்டெடுப்பதும் விளக்கேற்றுவதுங்கூட அவரே.

"ஏங்க, அந்தக் கோயில் மணியையாவது வேற யாராச்சும் அடிக்கட்டுமே. உங்க கை பட்டாத்தான் அது சத்தம் போடுமா?" என்று அண்ணி கேட்பார்.

"நேரம் தவறிப்போயிரும்" என்பார் அண்ணன்.

நமுனுகுலவில் அவர் போன தோட்டத்தின் மேற்பிரிவில் எட்டுக் குடும்பங்கள் நம் சபையைச் சேர்ந்தவை. கூடுவதற்கு இடமில்லை. கோப்பி போனபின் வெறுமனே கிடந்த பழைய கோப்பி ஸ்டோர்க் கட்டடத்தைத் தரும்படி அண்ணன் தோட்டத்துத் துரையிடம் பலமுறை கேட்டுப் பெற்றார். துரையின் கடிதத்தில் ஒரு நிபந்தனை இருந்தது: வாரந்தோறும் வியாழன் மாலை கூட்டம் கூடவேண்டும், ஒரு வாரம் தவறினாலும் திறவுகோலைத் திருப்பி ஒப்படைத்துவிடவேண்டும். திறவுகோலை அண்ணன் தம் அங்கிப் பையிலேயே வைத்திருந்தார். இரண்டு ஆண்டுகள் ஒரு வியாழனும் தவறவில்லை.

பிறகு அந்த மார்கழி மழை வந்தது. வியாழன் காலை அண்ணன் வழக்கம்போலப் புறப்பட்டார். தோட்டத்துக்கு இரண்டு மைல் இப்பால் ஓடை பெருகிப் பாதையை மறித்திருந்தது. வெள்ளம் வடியுமென்று வெகுநேரம் கரையில் காத்திருந்து, இறங்கியும் பார்த்து, இடுப்பளவு நனைந்தவராய் வீடு திரும்பினார். என் குறிப்பில் அன்று ஒரு வரிதான் உள்ளது: "அண்ணன் சாப்பிடவில்லை."

மறுநாள் உபவாச ஜெபத்தில் அவர் வேறெந்தப் பெயரையும் சொல்லவில்லை; அந்த எட்டுக் குடும்பங்களின் பெயர்களையே திரும்பத் திரும்பச் சொன்னார். சனி காலை துரைக்கு ஒரு கடிதம் எழுதி, நல்ல எழுத்தில் பிரதி செய்யும்படி என்னிடம் தந்தார். கூட்டம் தவறிவிட்டது, வாக்குப்படி திறவுகோலை அனுப்புகிறேன் என்பது அதன் சாரம்.

"ஒரு மாசம் தவணை கேட்டுப் பாருங்கண்ணே" என்றேன்.

"வாக்குக் குடுத்தாச்சுடா. எழுது."

நான் வேண்டுமென்றே மெதுவாக எழுதினேன். பாதி எழுதியிருந்தபோது வாசலில் குரல் கேட்டது. அந்தத் தோட்டத்துப் பெரிய கங்காணி, கடைவீதிக்கு வந்தவர், எட்டிப் பார்த்தார். அவர் இந்து; ஆனாலும் அண்ணனிடம் மிகுந்த பிரியமுள்ளவர்.

"என்னங்க ஐயா, மழைக்குப் பயந்து வீட்டுலேயே இருந்துட்டீங்களா? உங்க ஆளுக பயப்படலியே!"

அண்ணன் எழுந்து நின்றுவிட்டார். "என்ன சொல்றீங்க கங்காணி?"

"கூட்டம் நடந்துச்சுங்க. கதவு பூட்டியிருக்கு, சாவி உங்க பையில. எல்லாரும் தாழ்வாரத்துல ஒட்டிக்கிட்டு நின்னு பாட ஆரம்பிச்சுட்டாங்க. பூட்டப் பாத்துக் கும்பிடுறாங்களே, இதென்ன பூட்டுச்சாமியான்னு நானே போய்ப் பாத்தேன்."

"யார் நடத்தினது?"

"நம்ம ஞானம்மாதான்."

ஞானம்மாள் கொழுந்து பறிக்கும் கைம்பெண். எழுத்து வாசனை இல்லாதவர். கூட்டங்களில் அவர் வாய்திறந்து நாங்கள் கேட்டதே இல்லை. அண்ணன் வாய்ப்புக் கொடுத்ததும் இல்லை.

"போன வாரம் நீங்க பேசினத ஒரு சொல்லு விடாம அப்படியே சொன்னாங்க. நடுவுல நீங்க இருமுவீங்கல்ல, அந்த எடத்துல இருமலும் உண்டு. மூக்குல கண்ணாடியே இல்ல, ஆனா உங்கள மாதிரியே அதத் தள்ளித் தள்ளி விட்டுக்கிட்டாங்க!"

அண்ணி உள்ளிருந்து சிரித்தார். அண்ணன் சிரிக்கவில்லை. "தொரைக்குத் தெரியுமா? நான் வரலைன்னு?" என்று கேட்டார்.

"காலைப் பெரட்டுல ஆள் எண்ணும்போதே கேட்டாரு. நடந்ததச் சொன்னேன். பாதிரி ஐயர் இல்லாமலான்னாரு. கூட்டம் கூடணும்னுதானே தொரை சொன்னீங்க, ஐயா வரணும்னு சொல்லலையேன்னேன். சிரிச்சுக்கிட்டுப் போயிட்டாரு."

நான் துரையின் கடிதத்தை எடுத்து மறுபடி வாசித்தேன். கங்காணி சொன்னது சரி. போதகர் என்ற சொல்லே அதில் இல்லை. அண்ணனிடம் நீட்டினேன். அவர் வாங்கிப் பார்த்துவிட்டு, நான் பாதி எழுதிய பிரதியைக் கிழித்தார். அதற்குப் பிறகுதான் சிரித்தார். "இருமலுமா?" என்று இரண்டு முறை கேட்டார்.

அடுத்த வியாழன் நானும் உடன் சென்றேன். ஸ்டோர் வாசலில் ஞானம்மாள் கேட்டார்: "ஐயா, பூட்டி வைக்கிற அளவுக்கு உள்ளார என்ன இருக்குங்க? ரெண்டு பெஞ்சு, ஒரு வெளக்கு."

"ஒண்ணும் இல்ல ஞானம்மா. இந்தா, நீயே வச்சுக்கம்மா" என்று அண்ணன் திறவுகோலை அவர் கையில் கொடுத்தார். அன்று ஞானம்மாள் நடத்த, அண்ணன் பின் பெஞ்சில் உட்கார்ந்தார். எனக்குத் தெரிந்து ஒரு கூட்டத்தில் அவர் உட்கார்ந்து பார்த்தது அதுவே முதல் தடவை. கால்களை எங்கே வைப்பதென்று தெரியாமல் மாற்றி மாற்றி வைத்துக்கொண்டிருந்தார்.

அடுத்து வந்த திங்கட்கிழமை வியாழனுக்குரிய கட்டத்தில் "ஞானம்மாள்" என்று எழுதினார். அடுத்த ஆண்டு பூனாகலைக்கும் ஒருவர் கிடைத்தார். மணி அடிக்கும் பொறுப்பு அண்ணிக்கு வந்தது. நேரம் ஒருநாளும் தவறவில்லை என்பதை என் குறிப்பிலிருந்து உறுதியாகச் சொல்வேன். கடைசி ஆண்டில் மூச்சிரைப்பு மிகுந்து அண்ணன் படுக்கையானபோதும் திங்கட்கிழமைத் தாள் நிற்கவில்லை. ஏழு கட்டங்களும் நிரம்பின. ஒன்றிலும் அவர் பெயர் இல்லை. கடைசித் திங்களன்று அதைப் படுக்கையில் தூக்கிப் பிடித்து வாசித்துவிட்டு, "இப்பத்தான் சரியா இருக்கு" என்றார். அடுத்த புதன்கிழமை விடியற்காலை, அண்ணியும் நானும் அருகிலிருக்க, அமைதியாகக் கண்மூடினார்.

அவர் நோயில் உடனிருந்து பார்த்த வைத்தியருக்கும், முறைவைத்துக் கஞ்சி காய்ச்சிக் கொண்டுவந்த சபைப் பெண்களுக்கும், கடையடைத்து வந்து உதவிய பதுளைக் கடைவீதி அன்பர்களுக்கும், பெட்டியைத் தோள்மாற்றாமல் சுமந்த பூனாகலைச் சகோதரருக்கும், தமது ஆட்களுக்கு விடுப்பு வாங்கித் தந்து தாமும் நடந்து வந்த பெரிய கங்காணிக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

அடக்க ஆராதனைக்கு வராத ஒருவருக்கும் நன்றி சொல்லவேண்டும். அன்று வியாழக்கிழமை. ஞானம்மாள் எங்கே என்று கங்காணியைக் கேட்டேன். "நடக்க முடியாத கெழடுக நாலு பேரு லயத்துல இருக்காங்க, அவங்களுக்குக் கூட்டம் வைக்கணும்னு நின்னுட்டாங்க" என்றார். வெள்ளி மதியம் ஞானம்மாள் தனியாக நடந்து வந்தார். கல்லறையருகே அழைத்துப்போனேன். முக்காட்டைச் சரிசெய்துகொண்டு குனிந்து, "நேத்துக் கூட்டம் நடந்துச்சுங்க, ஐயா" என்றார்.