சாயாத குடை

கைக்குழந்தை பென் பசியில் தன் கைமுஷ்டியை வாயில் திணித்ததுமே ஹில்டா அத்தை தன் கடைக்குடையைப் பள்ளிக்கூடத்துப் பக்கம் சாய்த்துவிடுவாள். மாடி வகுப்பில் ஜன்னலோரம் இருக்கும் லினெட்டுக்கு அது போதும். ஆசிரியையிடம் சொல்லிக்கொண்டு ஓடி வருவாள். பாக்குக் கூடைகளுக்குப் பின்னால் உட்கார்ந்து மகனுக்குப் பால் கொடுத்துவிட்டு, சட்டையை இழுத்துவிட்டபடி திரும்ப ஓடுவாள். அவளுக்குப் பதினேழு வயது. தாய் வகுப்புக்கு வரலாம், பிள்ளை வாசலைத் தாண்டக்கூடாது என்பது தலைமையாசிரியர் போட்ட நிபந்தனை.

அத்தை அவளுக்கு உறவில்லை. ஹோனியாரா என்ற தீவு நகரத்தில் அந்தப் பள்ளி வாசலுக்கு எதிரே பாக்கு விற்பவள், அவ்வளவுதான். சிவந்த வாய், காதில் செருகிய செம்பருத்தி, யாரையும் விடாத நாக்கு. "வயித்துல புள்ள வந்தா மூளை வெளிய போயிருமா? எனக்கு அப்படித்தான் சொன்னாங்க. நானும் கேனச்சி மாதிரி பையத் தூக்கிட்டு வீட்டுக்குப் போயிட்டேன்" என்று, தினமும் அங்கே பேருந்துக்கு நிற்கும் என்னிடம், பாக்கு உடைத்தபடி ஒருநாள் சொன்னாள்.

இன்று இறுதித் தேர்வு. நடுவில் எழுந்து போனால் மறுபடி உள்ளே விடமாட்டார்கள். இதற்காகவே, கிளினிக் நர்ஸ் காட்டிக்கொடுத்தபடி, லினெட் பீய்ச்சி வைத்துவிட்டுப் போகும் பாலைக் கிண்ணத்தில் புகட்டிப் பழக்கிக்கொண்டிருந்தாள் அத்தை.

"குடை சாயாதுடி. நீ பாட்டுக்கு எழுது" என்று காலையில் லினெட்டை உள்ளே அனுப்பினாள்.

தேர்வு தொடங்கிய பிறகு பசித்து விழித்த பென், அத்தை நீட்டிய கிண்ணத்தைத் தட்டிவிட்டான். பாதிப் பால் மண்ணில். தொண்டை கிழிய அழுதான்.

டாக்சி ஓட்டும் அலிக், சுண்ணாம்பு தொட்ட விரலோடு சிரித்தான். "அத்தே, இது ஏமாத்து வேலைன்னு கண்டுபிடிச்சிட்டான். அவளைக் கூப்பிடு!"

"உன் வாயில பாக்கு இருக்குல்ல? மெல்லு."

மிச்சப் பாலைப் பென்னின் உதட்டோரம் வைத்துக் காத்திருந்தாள் அத்தை. துப்பினான். நக்கினான். பிறகு, கோபம் தீராத விக்கலோடு, இழுத்துக் குடித்தான். குடித்தபடியே தூங்கிப்போனவனைப் பாயில் கிடத்தினாள்.

பேருந்துக்கு நின்ற நான் என் பேருந்தை விட்டுவிட்டு மாடியைப் பார்த்தேன். லினெட் தலையைத் தூக்கினாள். குடை நேராக நின்றது. குனிந்துகொண்டாள்.

வெயில் நகர்ந்து பென்னின் முகத்துக்கு வந்தது. தூக்கினால் விழித்துக்கொள்வான். அத்தையின் கை பழக்கத்தில் குடைக்காம்புக்குப் போய், தொடாமல் நின்றது. எழுந்தாள். சூரியனுக்கு முதுகைக் காட்டி, பாவாடையை இருபுறமும் விரித்துப் பிடித்துக்கொண்டாள்.

"அத்தே, பாக்கு!" என்றான் அலிக்.

"நீயே எடுத்துக்க" என்றாள், நிழலை அசைக்காமல்.