விழாத ஏழு பற்கள்

என் அம்மாவுக்கு எலும்பு ஆராய்ச்சி வேலை என்று கேள்விப்பட்டால் எங்கள் ஊரில் உடனே முழங்காலை நீட்டிவிடுவார்கள். "ரெண்டு நாளா மடக்க முடியலம்மா, கொஞ்சம் என்னன்னு பாருங்க" என்று வருகிறவர்களிடம், தான் பார்ப்பது செத்துப்போனவர்களின் எலும்பைத்தான் என்று அம்மா பொறுமையாக விளக்குவாள். வந்தவர்களுக்கு முகம் மாறிவிடும். ஆனாலும் கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டுத்தான் எழுந்திருப்பார்கள்.

திருக்காட்டுப்பள்ளியிலிருந்து கொஞ்சம் தள்ளி, குடமுருட்டிக் கரையில் எங்கள் வீடு. அப்பா கரண்டு ஆபீசில் லைன்மேன். அம்மா சென்னையில் படித்து, வெளிநாட்டில் மேற்படிப்பு முடித்து, அங்கே ஓர் அருங்காட்சியகத்தின் அகழாய்வுக் குழுவில் சேர்ந்திருந்தாள். அந்த அருங்காட்சியகம் ஆப்பிரிக்காவில், சூடான் நாட்டில், நைல் நதிக்கரையில் மூவாயிரம் வருடத்துக்கு முந்தைய ஒரு நகரத்தைப் பல வருடங்களாகத் தோண்டிக்கொண்டிருந்தது. குளிர்காலத்தில் மட்டும்தான் தோண்ட முடியும். மற்ற மாதங்களில் அந்த வெயிலில் நிற்க முடியாது. அதனால் அம்மா பொங்கல் முடிந்த கையோடு கிளம்பிப் போய், பங்குனியில் கறுத்து மெலிந்து திரும்புவாள். இப்போது அங்கே சண்டை நடக்கிறது, யாரும் போவதில்லை. அன்று அது ஏதோ பக்கத்து ஜில்லாவுக்கு வேலைக்குப் போவதுபோல எங்களுக்குப் பழகியிருந்தது.

அம்மா இல்லாத மாதங்களில் என்னைப் பார்த்துக்கொண்டது அப்பாவின் அக்கா. அத்தைக்கு வாய் நீளம், மனசு அதைவிட நீளம். "ஊர்ல இல்லாத ஊரைத் தோண்டப் போயிட்டா மகராசி" என்று சொல்லிக்கொண்டே எனக்குத் தலை பின்னிவிடுவாள்.

நதியின் ஒரு கிளை வற்றிப்போனதால்தான் அந்த நகரத்தை விட்டு ஜனங்கள் போய்விட்டார்கள் என்று அம்மா ஒருமுறை சொன்னபோது அப்பா ஆச்சரியமே படவில்லை. "தண்ணி வரலைன்னா எந்த ஊருதான் நிக்கும்?" என்று கேட்டுவிட்டு வயலில் உளுந்து தெளிக்கப் போய்விட்டார்.

எனக்கு எட்டு வயது நடந்தது. சூடானில் வெள்ளிக்கிழமை விடுமுறை. அன்று சாயங்காலம் அம்மா தங்கியிருந்த மண்வீட்டின் கூரைமேல் ஏறி நின்று போன் செய்வாள். அங்கே நின்றால்தான் சிக்னல் கிடைக்குமாம். அப்படி ஒரு வெள்ளிக்கிழமை அவள் குரல் வழக்கத்தைவிடத் தணிந்திருந்தது.

"பாப்பா, இந்த வாரம் ஒரு சின்னப் பிள்ளையைக் கண்டுபிடிச்சோம்."

"உயிரோடயா?"

"இல்லம்மா. அந்தக் காலத்துப் பிள்ளை. குழிக்குள்ள பாயில சுத்திப் படுக்க வச்சிருக்காங்க. உன் வயசுதான் இருக்கும்."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"பல்லைப் பார்த்தா தெரிஞ்சிரும். எது விழுந்திருக்கு, எது முளைக்குதுன்னு பார்த்தே வயசு சொல்லிரலாம். ஆமா, உனக்கு இப்ப எந்தப் பல்லு ஆடுது?"

கீழே ஒன்று ஆடுவதாகச் சொன்னேன். அம்மா விடவில்லை. எந்தப் பக்கம், நாக்கால் தள்ளினால் ஆடுகிறதா அல்லது விரலால் ஆட்டினால்தானா, ஈறு சிவந்திருக்கிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். அடுத்த வெள்ளிக்கிழமையும் கேட்டாள். பல் விழுந்த அன்று எத்தனை மணிக்கு விழுந்தது, அதை எங்கே போட்டேன் என்பதுவரை சொல்ல வேண்டியிருந்தது.

எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. அம்மா ஒரு கையில் அந்தப் பிள்ளையின் தாடையை வைத்துக்கொண்டு, மறு கையில் போனைப் பிடித்து, என் வாயையும் அதன் வாயையும் ஒப்பிட்டு வயசு கணக்குப் போடுகிறாள். சூடான் ஆராய்ச்சியே என் பல்லை நம்பித்தான் நடக்கிறது. இதைப் பள்ளிக்கூடத்தில் சொல்லிப் பார்த்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் என் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு, "ஒண்ணும் இல்லையே" என்றாள்.

பெருமை இரண்டு வாரம்தான் நீடித்தது. அதன்பிறகு அம்மாவின் பேச்சில் அந்தப் பிள்ளை அதிகமாகிக்கொண்டே போனது. கழுத்தில் நீல மணி கோத்துப் போட்டிருந்தார்களாம். வலது கையை மடக்கிக் கன்னத்துக்கு அடியில் வைத்திருந்தார்களாம். வேறு யாரையும் தொடவிடாமல் அம்மாவே தூரிகையால் மண்ணைத் தள்ளுகிறாளாம். ஆணா பெண்ணா என்று கேட்டேன். அவ்வளவு சின்ன எலும்பை வைத்து அதைச் சொல்ல முடியாது என்றாள். அது பெண்தான் என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

"கண்ணுக்குழிக்கு மேல எலும்புல பொடிப்பொடியா ஓட்டை இருக்கு பாப்பா. பாவம், ரொம்ப நாளா உடம்புல ரத்தமே இல்லாம இருந்திருக்கு" என்று ஒரு வாரம் சொன்னாள். சொன்ன கையோடு அத்தையைக் கூப்பிட்டு, எனக்குத் தினமும் முருங்கைக்கீரை கொடுக்கச் சொல்லிவிட்டாள். மூவாயிரம் வருடத்துக்கு முன்னால் யாரோ கீரை சாப்பிடாததற்கு நான் சாப்பிட வேண்டியதாயிற்று. அந்தப் பிள்ளையின்மேல் எனக்கு வெறுப்பு தொடங்கியது அந்தக் கீரையில்தான்.

அந்த வருடம் ஈஸ்டர் சீக்கிரமே வந்தது. அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை எனக்குப் புதுநன்மை. கோயிலில் முதன்முதலாக நற்கருணை அப்பம் வாங்கும் நாள். வெள்ளை கவுன், தலையில் பூக்கிரீடம், கையில் மெழுகுவர்த்தி. அதற்குள் வந்துவிடுவதாக அம்மா கிளம்பும்போதே வாக்குக் கொடுத்திருந்தாள். அதற்கு மூன்று வாரம் இருக்கும்போது போனில் முதலில் அப்பாவோடு பேசினாள். அப்பா "ம்... ம்..." என்று கேட்டுவிட்டு, என்னைப் பார்க்காமல் போனை நீட்டினார்.

"பாப்பா, அம்மா வர்றதுக்கு ஒரு நாலு நாள் கூடிரும் போலருக்கு. அந்தக் குழியைத் திறந்தாச்சு. அப்படியே போட்டுட்டு வந்தா காத்துலயும் மண்ணுலயும் எல்லாம் போயிரும். பிள்ளையைப் பாதியில விட்டுட்டு வர முடியாதுமா."

"அப்ப என் புதுநன்மை?"

பாதியில் விடப்பட்ட பிள்ளை யார் என்பதில் எனக்கும் அம்மாவுக்கும் கருத்து வேறுபாடு இருந்தது. ஆனால் அதைச் சொல்லத் தெரியவில்லை. "உனக்கு இப்ப எந்தப் பல்லுமா ஆடுது?" என்று அவள் கேட்டதும் எனக்கு வழி தெரிந்துவிட்டது. கணக்கே என் வாயை வைத்துத்தானே? கணக்கைக் கெடுத்துவிட்டால்? வயசைத் தப்பாகச் சொன்னால், இந்த அம்மாளுக்குப் பல்கூட எண்ணத் தெரியவில்லை என்று அருங்காட்சியகத்துப் பெரியவர்கள் அடுத்த விமானத்தில் ஏற்றி அனுப்பிவிடுவார்கள்.

"ஆடல. ரெண்டு விழுந்திருச்சு" என்றேன்.

"எது?"

"கடைவாய்ப் பல்லு."

அங்கே எங்கோ ஒரு கழுதை கத்துவது கேட்டது. பிறகு அம்மா, "கடைவாயா! வலிச்சுதா? ரத்தம் வந்துச்சா?" என்றாள்.

நிறைய வந்தது என்றேன். அடுத்த வாரம் இன்னும் இரண்டு. அதற்கும் அடுத்த வாரம், அம்மா கிளம்பும் அறிகுறியே தெரியாததால், ஒரேயடியாக மூன்று.

"ஒரே வாரத்துல மூணா? அப்ப இனிமே நீ கஞ்சிதான் குடிக்கணும்" என்றாள் அம்மா. அவள் குரல் எப்படியோ இருந்தது. கேட்டதற்குப் புழுதிக் காற்று என்றாள். பிறகு அத்தையிடம் கொடுக்கச் சொன்னாள். அத்தை முந்தானையால் வாயை மூடிக்கொண்டு என்னையே பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். போனை வைத்ததும் அடுப்படிக்குப் போய், என்றுமில்லாத வழக்கமாக எனக்கு ஒரு முறுக்கு கொண்டுவந்து கொடுத்தாள். அதைக் கடைவாயில் வைத்து நொறுக்கின பிறகுதான் அவள் எதிரில் நிற்பது ஞாபகம் வந்தது. அத்தை இன்னொரு முறுக்கு கொடுத்தாள்.

புதுநன்மைக்கு முந்தின நாள் காலையில் பிள்ளைகள் எல்லோரும் முதல் பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டும். செய்த பாவங்களைச் சாமியாரிடம் சொல்லி மன்னிப்பு வாங்காமல் நற்கருணை வாங்கினால் அது இன்னும் பெரிய பாவம் என்று உபதேச வகுப்பில் சிஸ்டர் சொல்லியிருந்தார். மற்றப் பிள்ளைகள் திருடித் தின்ற மாங்காயையும் தம்பியை அடித்ததையும் யோசித்துக்கொண்டிருந்தார்கள். நான் என் பற்களை எண்ணிக்கொண்டிருந்தேன். சாமியாரை மறைத்த மரத் தட்டிக்கு இந்தப் பக்கம் முழங்காலிட்டேன்.

"சாமி, எங்கம்மாகிட்ட பொய் சொன்னேன்."

"என்ன பொய்ம்மா?"

"பல்லு விழுந்திருச்சுன்னு."

"எத்தனை?"

"ஏழு."

தட்டிக்கு அந்தப் பக்கம் நாற்காலி கிறீச்சிட்டது. "சரி. அதனால யாருக்காவது கெடுதல் வந்துச்சா?"

"செத்துப்போன பிள்ளைக்கு வயசு தப்பாப் போயிருக்கும் சாமி."

"யாரு வீட்டுப் பிள்ளை? எப்ப செத்துச்சு?" சாமியாரின் குரல் பதறியது.

"நம்ம ஊர் இல்ல சாமி. சூடான். மூவாயிரம் வருஷம் ஆச்சு."

பின்னால் வரிசையில் நின்ற பிள்ளைகள் நெளிய ஆரம்பித்தார்கள். பிறகு, "அம்மா நாளைக்கு வர்றாங்களா?" என்று மட்டும் சாமியார் கேட்டார்.

இல்லை என்று சொல்லும்போதுதான் எனக்கு அழுகை வந்தது. அது வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

"அழாதம்மா. அம்மா வந்ததும் உண்மையைச் சொல்லிரு. இப்ப கோயில்ல உக்காந்து அந்தப் பிள்ளைக்காக ஒரு அருள்நிறை மரியே ஜெபம் சொல்லு."

"அது இயேசு பொறக்கறதுக்கு முன்னாடியே செத்துப்போச்சு சாமி."

"பரவாயில்ல. சொல்லு."

சொன்னேன். பெயர் தெரியாததால் நீல மணி போட்ட பிள்ளை என்று சொல்லித் தொடங்கினேன். சொல்லி முடித்த பிறகு, அதற்கும் முருங்கைக்கீரை பிடிக்காமல்தான் இருந்திருக்கும் என்று தோன்றியது.

மறுநாள் அம்மா நிற்க வேண்டிய இடத்தில் அத்தை பட்டுப்புடவை கட்டிக்கொண்டு நின்றாள். அப்பா என்னை நிறைய போட்டோ எடுத்தார். எல்லாவற்றிலும் நான் வாயை இறுக மூடிக்கொண்டிருக்கிறேன்.

அம்மா புதன்கிழமை காலை ரயிலில் பூதலூரில் வந்து இறங்கினாள். அப்பா பெட்டியை எடுக்கப் போக, அம்மா பிளாட்பாரத்திலேயே மண்டியிட்டு என்னைக் கட்டிக்கொண்டாள். அவள் தலைமுடியெல்லாம் மண் வாசனை. "உன் புதுநன்மைக்கு இல்லாமப் போயிட்டேனேடி" என்று என் தோளில் முகத்தை வைத்தாள். நான் பயத்தில் இருந்தேன். கோபப்படக்கூட மறந்துவிட்டது.

"அம்மா, ஏழு பல்லும் பொய்."

அம்மா நிமிர்ந்தாள். "எதுக்குப் பாப்பா அப்படிச் சொன்ன?"

"நீ தப்பா எழுதினா உன்னை வீட்டுக்கு அனுப்பிருவாங்கன்னு."

அவள் என் கவுனின் காலரைச் சரிசெய்தாள். ஏற்கெனவே சரியாக இருந்த காலர்தான் அது.

"அந்தப் பிள்ளைக்கு வயசைத் தப்பா எழுதிட்டியாம்மா?"

"இல்லடா. சரியாத்தான் எழுதியிருக்கேன். அதுக்கெல்லாம் புஸ்தகத்துல அட்டவணை இருக்கு. எத்தனையோ பிள்ளைங்க பல்லைப் பார்த்து எப்பவோ எழுதி வச்சது."

"அப்ப என் பல்லு?"

"உன் பல்லு அந்தக் கணக்குல கிடையாது."

மனசிலிருந்து பெரிய பாரம் இறங்கியது. இறங்கின வேகத்தில் கோபம் வந்தது. வகுப்பு முழுக்கச் சொல்லி வைத்திருந்தேனே! அம்மா அதைக் கவனிக்கவில்லை. "எங்க, வாயைத் திற" என்று என் தாடையைப் பிடித்து வெளிச்சத்தின் பக்கம் திருப்பினாள். கீழ்வரிசையில் புதிதாக எட்டிப் பார்த்த ஒரே பல்லின் நுனியை விரலால் தொட்டாள். வெளியே அப்பா வண்டியை ஸ்டார்ட் செய்து இரண்டு முறை ஹார்ன் அடித்தும் அவள் எழுந்திருக்கவில்லை.

என் பல் எந்தக் கணக்குக்கும் வேண்டாம் என்றால், அத்தனை வெள்ளிக்கிழமையும் கூரைமேல் ஏறி நின்று எதற்காக ஒவ்வொன்றாகக் கேட்டாள் என்று வாயைத் திறந்தபடியே யோசித்தேன். எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை.