தராசைத் திட்டிய பாட்டு

சவுண்ட் வேலை கற்றுக்கொள்ள வருகிற பிள்ளைகள் என்னிடம் முதலில் கேட்பது, எந்த மைக் நல்ல மைக் என்பதைத்தான். நான் பதிலுக்கு மலேசியாவில், கேமரன் மலையில், நான் சவுண்ட் பார்த்த ஒரு படத்தின் கதையைச் சொல்வேன். பாதிப் பேர் சிரிப்பார்கள். மீதிப் பேர் பெரியவருக்கு வேறு வேலை இல்லை என்று எழுந்து போவார்கள். இரண்டு கூட்டத்துக்குமாகச் சேர்த்து இங்கே எழுதி வைக்கிறேன்.

1. சாமி மலைக்கு வந்தார்

எழுபதுகளின் கடைசியில் ஈப்போவில் ஜவுளிக்கடை வைத்திருந்த ஒரு தவுக்கேவுக்கு, அதாவது முதலாளிக்கு, படம் எடுக்கும் ஆசை வந்தது. ஆசைக்குக் காரணம் ஒரு நாடகம். மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் மாரியம்மன் திருவிழாவுக்கு வருஷா வருஷம் ‘கொழுந்துக்காரி’ என்று ஒரு பாட்டு நாடகம் போடுவார்கள். எடையைக் குறைத்துப் போடும் கங்காணி, அவனைத் தட்டிக் கேட்கும் கொழுந்து எடுக்கிற பெண். கதை அவ்வளவுதான். வசனம் கொஞ்சம், பாட்டு நிறைய. பார்த்த தவுக்கே சொக்கிப் போய்விட்டார்.

நாடகத்தில் நடித்த தோட்டத்துப் பெண்களையே படத்துக்கும் வைத்துக்கொள்வது என்று முடிவானது. கங்காணி வேஷத்துக்கு மட்டும் ஒரு ஸ்டார் வேண்டும் என்றார் தவுக்கே. யார் பொருத்தம் என்று யோசிக்கவில்லை, யாருக்குக் கூட்டம் வரும் என்று யோசித்தார். வந்தவர் மணிக்குரல் தணிகாசலம்.

அவர் மேடையில் சாமி வேஷம் தவிர வேறு கட்டியதே இல்லை. முருகன், ராமன், கிருஷ்ணன், மறுபடியும் முருகன். குரல் தேன். முகம் எப்போதும் யாருக்கோ வரம் கொடுக்கப் போகிற மாதிரி இருக்கும். இவரைக் கொடுமைக்காரக் கங்காணியாகப் போட்டது, பூனையைப் புலி வேஷத்துக்குக் கூப்பிட்டதுபோல.

மலைக்கு ஏறும் தாப்பா ரோட்டில் ஒரு வளைவு விடாமல் வாந்தி எடுத்துக்கொண்டே வந்து சேர்ந்தார். காரிலிருந்து இறங்கினதும் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் அவரைப் பார்த்து நடுங்க வேண்டும் என்பது டைரக்டர் பாலனின் திட்டம். அவர்களோ கூடையை இறக்கி வைத்துவிட்டு, தட்டில் சூடம் ஏற்றிக்கொண்டு வந்து ஆரத்தி எடுத்தார்கள். ஒரு அம்மா காலில் விழுந்தார். கங்காணி வேஷத் தலைப்பாகையோடு நின்ற தணிகாசலம் கையை உயர்த்தி ஆசீர்வாதம் செய்தார். பாலன் அப்படியே ஒரு தேயிலைச் செடிமேல் உட்கார்ந்துவிட்டார்.

2. கங்காணி நல்லவரானார்

மறுநாள் காலை ஸ்டார் ஒரு குண்டைப் போட்டார். கதையைப் படித்தேன், எல்லாம் பிரமாதம், ஒரே ஒரு சின்ன மாற்றம் போதும் என்றார்.

“பாலன், நான் முருகன் வேஷம் கட்டுன ஆளு. ஏழப்பட்ட சனத்தோட கூடையில கை வச்சேன்னா அந்தச் சாமி என்னைய மன்னிக்குமா? வேணும்னா எடையக் கூட்டிப் போடுறேன். அது செய்யலாம்.”

பாலன் கெஞ்சிப் பார்த்தார். தவுக்கே போன் போட்டு, அவர் சொன்னபடி செய் என்று முடித்துவிட்டார். ஆக, கங்காணி நல்லவன். கூடைக்குக் கூடை எடையைக் கூட்டிப் போடுகிறான். பிறகு கதாநாயகி எதற்காகக் கோபப்படுகிறாள் என்று யாருக்கும் தெரியவில்லை. பாலன் ஃபேக்டரிப் பக்கம் ஒரு நாள் முழுக்க நடந்து பார்த்துவிட்டு ஒரு வழியோடு வந்தார். தப்பு தராசில் இருக்கிறது. கங்காணி தங்கமானவன், தராசுதான் மோசம்.

நாடகத்தில் உச்சக் கட்டப் பாட்டு, ‘கூடை நெறயக் கொழுந்து தந்தேன், கொறச்சதென்ன கங்காணி’ என்று தொடங்கும். படத்தில் அது ‘கொறச்சதென்ன தராசே’ என்று ஆனது. ஒரு தோட்டத்துப் பெண்கள் எல்லாரும் திரண்டு வந்து ஒரு தராசைத் திட்ட வேண்டும். பக்கத்தில் கங்காணி கண்கலங்கி நிற்க வேண்டும்.

3. குடை பிடித்தவர்

இந்தக் கூத்தில் சிரிக்காத ஆள் ஒருவர்தான். அந்தத் தோட்டத்தின் நிஜக் கங்காணி ரெங்கசாமி. ஸ்டாருக்குக் குடை பிடிக்கும்படி தோட்டத்துத் துரை அவரை அனுப்பியிருந்தார். வாட்டசாட்டமான ஆள், அதட்டினால் அடுத்த குன்றில் கேட்கும். ஆனால் நாளுக்கு நாள் அவர் முகம் வாடிக்கொண்டே வந்தது. டீ குடிக்கும் நேரத்தில் என்ன விஷயம் என்று கேட்டேன்.

நாடகத்தில் கங்காணி வேஷம் கட்டுவது அவரேதானாம். அவருக்கு முன்னால் இருந்த கங்காணியும் அப்படித்தான். அந்தத் தோட்டத்து வழக்கம் அது. கடைசிப் பாட்டின்போது நிஜக் கங்காணி தராசுச் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு மேடையில் நிற்க வேண்டும். கையை எடுக்கக் கூடாது, பதில் பேசக் கூடாது. பாட்டு முடிந்ததும் பெண்கள் ஒவ்வொருவராக வந்து அந்த வருஷம் அவர் செய்ததை எல்லாம் முகத்துக்கு நேராகச் சொல்லித் திட்டுவார்கள். முடிந்ததும் வெற்றிலை கொடுப்பார்கள். அதோடு அந்த வருஷத்துக் கோபம் தீர்ந்தது. மறுநாள் பெரட்டில் ஆள் கணக்கெடுக்கும்போது யாரும் முறைக்கக் கூடாது.

இந்த வருஷம் நாடகம் இல்லை. படம் வருவதற்குள் நாடகம் போட்டால் யார் டிக்கெட் வாங்குவார்கள் என்று தவுக்கே கோயில் கமிட்டியிடம் பேசி நிறுத்திவிட்டார்.

“தம்பி, எனக்கு வேஷம் போனது பெருசில்ல. ஒரு வருசத்துக் கோவத்த இந்தப் பொம்பளைங்க எங்க கொண்டு போயி வைப்பாங்க? நாளைக்கு நான் பெரட்டுக்குப் போயி நிக்கணும் லா. யாரு மூஞ்சியப் பாத்துப் பேரு கூப்புடுறது?”

திட்டு வாங்கக் கிடைக்கவில்லையே என்று கலங்கிய மனிதரை அன்றுதான் முதல்முதலாகப் பார்த்தேன். சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது.

4. ஊசி சிவப்புக்குப் போனது

அந்தப் பாட்டைப் படமாக்கிய நாள். பிளேபேக்குக்கு வாயசைக்கப் பெண்களுக்கு வரவில்லை. டேப் ஒரு பக்கம் போகும், அவர்கள் வாய் ஒரு பக்கம் போகும். சரி, நேரடியாகவே பாடட்டும், பதிவு செய் என்று பாலன் என் தலையில் கட்டினார். பூம் மைக்கைத் தூக்கிக்கொண்டு நின்றேன்.

கதாநாயகியாக நடித்த அஞ்சலை அங்கே கொழுந்து எடுக்கிறவர். மேடையில் அவர் பாடினால் மயிர்க்கூச்செறியும் என்று கேள்விப்பட்டிருந்தேன். அன்று பாடியது தாலாட்டு மாதிரி இருந்தது. எப்படிக் கோபம் வரும்? எதிரே இருப்பது தராசு. பக்கத்தில் கைகூப்பி நிற்பது முருகன். பின்னால் நின்ற பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். டேக் மேல் டேக் போனது. போதாக்குறைக்குக் காற்று எழும்பித் தராசு ஊஞ்சலாட ஆரம்பித்தது.

யாராவது அதைப் பிடியுங்கள் என்று பாலன் கத்தினார். தராசைப் பிடிக்கத் தெரிந்த ஆள் ரெங்கசாமிதான். குடையை மடக்கி வைத்துவிட்டு வந்தார். ஃபிரேமுக்கு வெளியே நின்று சங்கிலியைப் பிடித்துக்கொள், கை தெரியக் கூடாது என்றார்கள். பிடித்தார்.

பெண்களின் சிரிப்பு நின்றது. அஞ்சலை தராசைப் பார்த்தார். சங்கிலியைப் பார்த்தார். அதைப் பிடித்திருந்த ஆளைப் பார்த்தார். அப்புறம் பாடினார் பாருங்கள், என் மீட்டரில் ஊசி சிவப்புக்குப் போய்த் திரும்பவே இல்லை. வார்த்தை என்னவோ ‘தராசே’தான். கண் மட்டும் அங்கே இல்லை. எல்லாப் பெண்களும் ஸ்டாருக்கு முதுகைக் காட்டித் திரும்பிவிட்டார்கள். நானும் மைக்கைத் திருப்பி ரெங்கசாமி தலைக்குமேல் கொண்டு போனேன். குரல்கள் அங்கேதான் போய்க்கொண்டிருந்தன.

பாட்டு முடிந்தது. பாலன் ‘கட்’ என்றார். யார் கேட்டார்கள்?

“அன்னிக்கு மலை பூரா மழ. கொழுந்து ஈரம்னு சொல்லி என் கூடையில எடைய வெட்டுனியே. எந்த மகராசி மழையில காய வச்சிக் கொண்டாருவா?” என்றார் அஞ்சலை.

அடுத்தவர் வந்தார். பிள்ளைக்குக் காய்ச்சல் என்று பிந்தி வந்தவரைப் பெரட்டிலிருந்தே திருப்பி அனுப்பியதைச் சொன்னார். சொல்லும்போது அழுதுவிட்டார். இன்னொருவர் வந்தார், இன்னொருவர் வந்தார். கேமராவில் ஃபிலிம் தீர்ந்துவிட்டது. நான் டேப்பை நிறுத்தவில்லை. ரெங்கசாமி சங்கிலியை விடவில்லை, வாயைத் திறக்கவில்லை. கன்னத்தில் தண்ணீர் ஓடியது. கடைசியில் அஞ்சலை மடியிலிருந்து வெற்றிலையை எடுத்து நீட்டினார். அவர் வாங்கி வாயில் போட்டுக்கொண்டு, அம்மாடி என்று தரையில் உட்கார்ந்தார். இத்தனை நாளில் அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த தணிகாசலம் மெதுவாக வந்தார். தலைப்பாகையைக் கழற்றினார். தராசுச் சங்கிலியை அவரே பிடித்துக்கொண்டார்.

“என்னையும் ஒரு வார்த்தை திட்டும்மா.”

அஞ்சலை சங்கடப்பட்டார். ரொம்ப நேரம் யோசித்தார்.

“திட்டுற அளவுக்கு நீங்க எங்களுக்கு என்ன சார் செஞ்சிருக்கீங்க?”

ஸ்டார் சங்கிலியை விட்டார். யாரோ அவருக்கு மரியாதையாக ஒரு நாற்காலி கொண்டுவந்து போட்டார்கள்.

5. திரையின் ஓரம்

படம் ஈப்போவில் படுத்துவிட்டது. அந்தப் பெண்ணுக்கு ஏன் தராசின்மேல் இவ்வளவு ஆத்திரம் என்று ஜனங்கள் கேட்டார்கள். நியாயமான கேள்வி. தவுக்கே ஜவுளிக்கே திரும்பினார்.

தோட்டத்துக்கு ஒரு பிரதி கொண்டுபோய், பெரட்டுக் களத்தில் வெள்ளைத் துணி கட்டிக் காட்டினோம். முருகனுக்கு யாரும் விசிலடிக்கவில்லை. கடைசிப் பாட்டில் திரையின் வலது ஓரத்தில், தெரியக் கூடாது என்று சொல்லியிருந்த அந்தக் கை, சங்கிலியோடு தெரிந்தது. களமே எழுந்து கூவியது. ‘கங்காணி கை, கங்காணி கை’ என்று அஞ்சலை காட்டிக் காட்டிச் சிரித்தார். முன்வரிசையில் உட்கார்ந்திருந்த ரெங்கசாமி எழுந்து போய், அந்தக் கை தெரிந்த இடத்துக்குப் பக்கத்தில், துணியோடு ஒட்டி, கையை உயர்த்திக்கொண்டு நின்றார். பாட்டு முடிகிறவரை இறக்கவில்லை. அடுத்த திருவிழாவுக்கு நாடகம் திரும்பி வந்தது, வேஷம் அவருக்கே.

அதற்குப் பிறகு எத்தனையோ ஸ்டார்களின் குரலைப் பிடித்துவிட்டேன். எந்தப் படத்திலும் பெயர் பெரியதாகப் போட்டிருக்கும் ஆளைப் பார்த்து நான் மைக்கை வைத்ததில்லை. பேசுகிறவரின் கண் யார்மேல் இருக்கிறது என்று முதலில் பார்ப்பேன். மைக் வாங்குவதெல்லாம் அதற்குப் பிறகு.