பொட்டு வைத்த பிரெஞ்சுக்காரன்

மரக்காணம் பஸ் நிறுத்தத்தில் நாங்கள் இரண்டு பேர் பேப்பர் விற்கிறோம். விடியும் முன்பே வேன் வந்து கட்டுகளைப் போட்டுவிட்டுப் போகும். ஒரே சாக்கை விரித்து எதிரெதிரே உட்கார்ந்து பேப்பருக்குள் இணைப்பிதழ்களைச் செருகுவோம். அதன் பிறகு நான் குனிந்து மடித்துக்கொண்டே இருப்பேன். அவன் எழுந்து, வருகிற பஸ்ஸுக்கெல்லாம் தலைப்புச் செய்தியைக் கத்துவான். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். அவன் நன்றாகவே பிழைத்தான்.

இரும்பை கிராமத்தில் தங்கியிருந்த பிரெஞ்சுக்கார அம்மா ஒருவர், உப்பளங்களைப் படம் பிடிக்க வாரந்தோறும் வருவார். வரும்போதெல்லாம் அவனிடம் ஆங்கிலப் பேப்பர் வாங்குவார். ஒருநாள் அவனுக்கு ஒரு படம் கொடுத்தார். அந்தக் காலத்துப் பிரான்சில் ஏதோ கேலிப் பத்திரிகையில் வந்த சித்திரத்தின் நகல். கக்கத்தில் பேப்பர் கட்டோடு ஒருவன் கத்திக்கொண்டே ஓடுகிறான். முகத்தில் பாதி வாய்தான். கீழே பிரெஞ்சில் இரண்டு வரி.

"என்னை மாதிரியே இருக்கானாம்பா," என்று டிரைவர்களுக்கெல்லாம் காட்டினான்.

எனக்கு வயிறு எரிந்தது. அவனுக்கு முன்பே இந்த இடத்தில் சாக்கு விரித்தவன் நான். எந்த மழையிலும் ஒரு பேப்பரைக்கூட நனையவிட்டதில்லை. அவனோ படத்தை லேமினேஷன் செய்து போஸ்டர் தட்டியில் மாட்டினான். ஆயுத பூஜையன்று சைக்கிளுக்கும் கத்திரிக்கோலுக்கும் வைத்த சந்தனம் குங்குமத்தை அந்தப் பிரெஞ்சுக்காரன் நெற்றியிலும் வைத்தான். என் மனைவிகூட நின்று பார்த்துவிட்டு, "அப்படியே அண்ணன்தான்," என்றாள்.

அந்த இரண்டு வரியைப் போனில் படம் எடுத்துப் போய், பாண்டிச்சேரியில் பிரெஞ்சு பென்ஷன் வாங்கும் பெரியவர் ஒருவரிடம் காட்டினேன். படித்துவிட்டுச் சிரித்தார். இவன் விற்பது பொய், அதன் சாயம் வெளுப்பதற்குள் விற்றுவிடத்தான் இந்த ஓட்டம் என்று நக்கலடித்திருக்கிறார்களாம். திரும்பும்போது கீழ்புத்துப்பட்டு, கூனிமேடு எல்லாம் தாண்டியும் எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. இத்தனை வருஷத்தில் இவ்வளவு ருசியான செய்தி என் கைக்கு வந்ததே இல்லை.

மறுநாள் டீக்கடைக்காரரும் நாலு பயணிகளும் நிற்கிற நேரம் பார்த்துச் சொன்னேன்.

"டேய், அது உன்னைப் புகழ்ந்து குடுத்தது இல்ல. பேப்பர்காரனக் கேலி பண்ணி வரைஞ்சது. அதுக்குப் போயி பொட்டு வச்சிருக்க."

அவன் இணைப்பு செருகுவதை நிறுத்தவில்லை. "தெரியும்பா. அந்தம்மா அன்னைக்கே படிச்சுச் சொல்லிடுச்சு. திட்டு வாங்குனாலும் நம்ம தொழில்காரன் இல்ல? அதான் வச்சேன்."

அவன் குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"என் கூட்டாளிக்கும் ஒண்ணு குடுங்கன்னு கேட்டேன்பா. 'கூட இன்னொருத்தர் இருக்காரா'ன்னு கேக்குது."

அந்த அம்மா நிற்கும் இடத்துக்கும் என் சாக்குக்கும் நடுவே ஒரு முழம்கூட இருக்காது. அவன் குத்திக்காட்டவில்லை, எனக்கு வாங்கித்தர முடியாத வருத்தத்தில்தான் சொன்னான். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. கேலி செய்வதற்காகவாவது யாராவது என்னைப் பார்த்திருக்கலாம்.