மதிலில் விட்ட பொட்டு

காலையிலிருந்து பக்கத்து வளவில் சீமெந்து குழைக்கிறார்கள். அந்த மணம் குசினிக்குள் வந்து என் தேத்தண்ணீரிலும் ஏறிவிட்டது. வவுனியா டவுனுக்குப் பக்கத்திலிருக்கும் எங்கள் பகுதி 'நல்ல இடம்' என்று பெயரெடுத்த நாளிலிருந்து கோயில் சாம்பிராணியைவிட இதைத்தான் நான் அதிகம் முகர்ந்திருக்கிறேன். பள்ளிக்கூடம் கிட்ட, ஆஸ்பத்திரி கிட்ட, பஸ் கிட்ட என்று காணித் தரகர்கள் சொல்லித் திரிகிறார்கள். பக்கத்து வீட்டுக்காரன் மட்டும்தான் தூரம்.

முந்தி இங்கே தென்னோலைக் கிடுகு வேலிதான். மாரி வந்தால் ஊறிய கிடுகின் மணம், அதற்குள்ளால் றோசாக்கா வீட்டு மீன்குழம்பின் மணம். றோசாக்கா முல்லைத்தீவுக் கரையிலிருந்து மகன் அன்ரனோடு இடம்பெயர்ந்து வந்தவர். கடலை விட்டு இவ்வளவு தூரம் வந்தும் மீனை விடவில்லை. எங்கள் இரண்டு வளவுக்கும் நடுவே வேலியில் ஒரு பொட்டு இருந்தது. ஒரு ஆள் குனிந்து நுழையக்கூடிய இடைவெளி. குனிவதெல்லாம் மற்றவர்களுக்கு. என் வண்டி வயிற்றோடு நான் பக்கவாட்டில்தான் போகவேண்டும்.

அந்தப் பொட்டை அதிகம் பாவித்தவன் அன்ரன்தான். ஒழுங்கை தெருவில் ஏறும் முகப்பில் அப்போது ஆமிச் சென்றி, காவலரண், இருந்தது. இளம் பெடியன் அதைத் தாண்டுவதென்றால் அடையாள அட்டை, கேள்வி, வெயிலில் நிற்பு. அதனால் அவன் பின் றோட்டால் வந்து, எங்கள் கிணற்றடியால் நடந்து, பொட்டுக்குள்ளால் வீட்டுக்குப் போவான். போகிற போக்கில் எங்கள் குசினி யன்னலுக்குள் எட்டிப் பார்ப்பான்.

"அக்கா, என்ன கறி? மணம் சரியில்லை. அம்மாட்ட கொஞ்சம் வாங்குங்கோ."

அவனுக்கு எறிவதற்கென்றே என் மனைவி ஒரு அகப்பையைத் தனியாக வைத்திருந்தாள்.

ஒருநாள் காலை அதே பொட்டால் வேலைக்குப் போனான். பிறகு வரவில்லை.

றோசாக்கா அவன் படத்தை மடியில் வைத்துக்கொண்டு காணாமல்போன பிள்ளைகளின் மற்றத் தாய்மாரோடு தெருவோரத்தில் இருந்துவிட்டு, பின்னேரம் வந்து மீன் வெட்டுவார். வருசங்கள் போயின. சென்றியை எடுத்தார்கள். அதன் பிறகுதான் எங்கள் பகுதிக்கு மவுசு வந்தது. மாடி வந்தது, மதில் வந்தது. ஊரோடு ஒத்துப்போகிற ஆசையில் நானும் மேசனைக் கூப்பிட்டேன்.

கிடுகைப் பிரித்த அன்று றோசாக்கா பொட்டுக்கு நடுவில் வந்து நின்றார்.

"தம்பி, இதை அடைக்கப் போறியளோ?"

"முன்பக்கத்தால வாங்கோவன் அக்கா. இப்ப ஒருத்தரும் மறிக்க மாட்டினம்."

"எனக்குத் தெரியும். அவனுக்குத் தெரியுமோ? சென்றி இருக்கெண்டு நினைச்சு இதாலதான் வருவான்."

அந்த இடத்தை விட்டுக் கட்டும்படி மேசனிடம் சொன்னேன்.

"அண்ணை, சனம் பொட்டை அடைக்கத்தான் மதில் கட்டுறது. நீங்கள் பொட்டுக்கெண்டு மதில் கட்டுறியள்" என்றான் அவன்.

கதை ஒழுங்கை முழுக்கப் பரவியது. 'கள்ளனுக்கு வாசல் வைச்ச மனுசன்' என்று எனக்குப் பட்டமும் கிடைத்தது. ஒரு படலைக் கதவாவது போடச் சொன்னாள் மனைவி. படலை போட்டால் கொண்டி வேண்டும். கொண்டி போட்டால் அவன் தட்டவேண்டும். அவன் தட்டிப் பழகாதவன்.

போன மாரியில் றோசாக்கா செத்துப்போனார். படுக்கையில் கிடந்தபோது என்னைக் கிட்டக் கூப்பிட்டுச் சொன்னார்:

"அவன் வந்தா, நான் செத்ததை உடனே சொல்லாதேங்கோ தம்பி. முதல்ல சாப்பாட்டைக் குடுங்கோ."

கனடாவில் இருக்கும் அவருடைய மூத்த மகள் அந்தக் காணியை விற்றுவிட்டாள். வாங்கியவர் மரியாதையான மனிதர். வந்த முதல்நாளே கேட்டார்:

"ஐயா, உங்கட மதில்ல ஒரு ஓட்டை கிடக்கு. கவனிக்கேல்லையோ?"

"ஓம் தம்பி, கட்டேக்கை கல்லு காணாமப் போச்சு" என்று சமாளித்தேன்.

அவர் பாவம், என்னைக் கரைச்சல் படுத்தாமல் தன் பக்கத்தில் தானே ஒரு மதில் கட்டிவிட்டார். இன்றைக்கு அதற்குப் பூச்சு.

பின்னேரம் போய்ப் பார்த்தேன். என் பக்கம் திறந்தபடி கிடக்கிறது. ஒரு எட்டுத் தள்ளி அவருடைய மதில், ஈரம் காயாமல். அதற்கு அப்பால் றோசாக்காவின் குசினியும் இல்லை, மீன் வெட்டும் கட்டையும் இல்லை. எங்கள் ஒழுங்கையில் இப்போது கமரா இல்லாத வீடு கிடையாது. அன்ரனின் முகம் தெரிந்த வீடு எங்களுடையது மட்டும்தான்.

கிணற்றடியால் வந்து பழக்கத்தில் குனிந்து நுழைந்தானென்றால் நெற்றி புது மதிலில் இடிபடும். அதற்கு முதல் அவனை மறிக்கவென்று ஒரு பிளாஸ்ரிக் கதிரையை இழுத்துப் பொட்டுக்கு முன்னால் போட்டு இருந்துகொண்டேன்.

மனைவி எட்டிப் பார்த்தாள். "என்ன, சீமெந்து காயிறதைப் பாக்கவோ இருக்கிறியள்?"

"ஓம்" என்றேன். "காஞ்சாப் பிறகு ஒண்டும் செய்யேலாது."