ஓரகத்தியின் சரக்கொன்றை

மணிலாக்கொட்டைத் தோலின் தூசு தலைமுடியில் ஏறினால் லேசில் போகாது. சீயக்காய் போட்டுத் தேய்த்தாலும் வகிட்டோரத்தில் செம்பழுப்பாக ஒரு கோடு தங்கிவிடும். என் ஓரகத்தியை நான் முதன்முதலில் சரியாகப் பார்த்தபோது அந்தத் தூசோடுதான் பார்த்தேன். கல்யாணமாகித் தண்டையார்பேட்டை வீட்டுக்கு நான் வந்த மறுநாள் சாயங்காலம் அது. கல்யாணத்துக்கு எடுத்த லீவு முடிந்து அன்றைக்கே அவள் கிடங்கு வேலைக்குப் போயிருந்தாள். கொல்லைக் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தவள், அடுப்படி வாசலில் நின்ற என்னைப் பார்த்துத் தலையை அசைத்தாள். உள்ளே வரவில்லை. கொல்லையில் இருந்த சரக்கொன்றை மரத்தடியில் போய் நின்றுகொண்டாள். சித்திரை மாதம். மரத்தில் இலை என்று பேருக்குக் கூட இல்லை. கிளைக்குக் கிளை மஞ்சள் சரங்கள் தொங்கிக்கொண்டிருந்தன. கைகளைத் தொங்கப் போட்டபடி அவள் அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். சாமி கும்பிடுகிறாளோ என்று கூட நினைத்தேன். பிறகு தொட்டித் தண்ணீரில் கால் கழுவிக்கொண்டு உள்ளே வந்து, என் கையிலிருந்த கரண்டியை வாங்கிக்கொண்டாள்.

அவள் என் கணவரின் அண்ணன் மனைவி. நான் அவளை அக்கா என்று கூப்பிட்டேன். அண்ணன் தம்பி இரண்டு பேரும் திருவொற்றியூர்ச் சாலையில் இருந்த ஓர் எண்ணெய் ஆலையில் வேலை பார்த்தார்கள். அக்கா துறைமுகத்துக்குப் போகும் வேர்க்கடலையை உடைத்துப் புடைக்கும் கிடங்கில் கூலிக்குப் போனாள். நான் ராயபுரத்தில் மிஷன் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது வரை படித்தவள் என்பதால் எனக்குக் கிடங்கு வேலை வேண்டாம் என்று முதலிலேயே பேசி முடித்திருந்தார்கள். வீட்டு வேலையும் மாமியாரும் எனக்கு. வெளி வேலையும் மூன்று பிள்ளைகளும் அவளுக்கு. அப்படிச் சொல்லிக்கொண்டாலும் கிடங்கிலிருந்து வந்த பிறகு வீட்டு வேலையில் பாதியும் அவள் தலையில்தான் விழுந்தது. எங்கள் தெருவுக்குப் பின்னால் துறைமுகத்துக்குப் போகும் ரயில் பாதை. கரி ஏற்றிய வண்டிகள் போகும்போதெல்லாம் கொடியில் காயும் வேட்டியில் புள்ளி புள்ளியாகக் கரி விழும். ஓடுகள் கறுப்பு, சுவர் கறுப்பு, கிணற்றுத் தண்ணீரின் மேல் கூட ஒரு கறுப்பு ஆடை. அந்தத் தெருவில் பூக்கிற மரம் எங்கள் கொல்லையில் மட்டும்தான் இருந்தது.

அதை அவள் வளர்த்த கதையை மாமியார்தான் எனக்குச் சொன்னார், அதுவும் குறையாகத்தான் சொன்னார். அக்காவின் அப்பா பெரிய பங்களாக்களுக்குத் தண்ணீர் வண்டி ஓட்டியவர். சிறுவயதில் அவருக்குச் சோறு கொண்டுபோன இடத்தில் இந்த மரங்களைப் பார்த்திருக்கிறாள். புகுந்த வீட்டுக்கு வரும்போது பாத்திரங்களோடு கறுப்பாக நீண்ட ஒரு காயையும் கொண்டுவந்தாள். உடைத்தால் உள்ளே பிசுபிசுவென்று கரிய சதை, அதற்குள் விதை. முதலில் போட்ட விதை எதுவும் முளைக்கவில்லை. யாரோ சொன்னார்கள் என்று அம்மிக்கல்லில் விதையின் ஓரத்தைத் தேய்த்து, வெந்நீரில் ஊறவைத்துப் போட்டாள். முளைத்தது. கடற்கரை மண், உப்பு மண். கன்று நுனி கருகிப் போயிற்று. ஏரிப் பக்கமிருந்து வண்டல் மண்ணைக் கூடையில் சுமந்துவந்து கொட்டினாள். கிணற்றுத் தண்ணீர் உப்பென்று, குடிக்கப் பிடிக்கும் குழாய்த் தண்ணீரில் தன் பங்கை அதற்கு ஊற்றினாள். ஏழெட்டு வருஷம் அது பூக்கவே இல்லை. அந்த இடத்தில் ஒரு முருங்கையை வைத்திருந்தால் குழம்புக்காவது ஆகியிருக்கும் என்பது மாமியாரின் தீராத வருத்தம்.

உண்மையைச் சொன்னால் எனக்கும் அந்த மரம் பிடிக்கவில்லை. பூ உதிர்ந்தால் பெருக்குவது நான். மழை ஆரம்பித்தால் இலையில் பச்சைப் புழு வரும். காயப்போட்ட வடகத்தில் விழும். அக்காவிடம் ஒருநாள் கேட்டேன், இத்தனை பாடு பட்டு இதை எதற்கு வளர்த்தாய் என்று. ஏதாவது காரணம் சொல்வாள், வேண்டுதல் கீண்டுதல் இருக்கும் என்று எதிர்பார்த்தேன்.

"பாக்க நல்லா கீதேன்னு வெச்சேன்," என்றாள். "வேற இன்னா."

மஞ்சள் பூ என்றால் அவளுக்கு ஒரு கண். ராயபுரம் போகும் சந்தில் ஒரு பூவரசு நின்றது. காலையில் மஞ்சளாக இருக்கும் பூ சாயங்காலம் வாடிச் சிவந்துவிடும். வேலைக்குப் போகும்போது ஒரு நிறம், வரும்போது ஒரு நிறம், அதுவும் நம்மைப் போலத்தான் என்று ஒருமுறை சொன்னாள். மாதாகோயில் மதிலோரம் தங்கரளி பூத்தால் நின்று பார்ப்பாள். ஆனால் அதன் கொட்டை விஷம், பிள்ளைகள் இருக்கிற வீட்டில் ஆகாது என்று அதன் பக்கம் போகமாட்டாள். பூவைப் பறித்து ஒருநாளும் தலையில் வைத்துக்கொண்டதில்லை. சித்திரை வைகாசியில் கிடங்கிலிருந்து வந்ததும் மரத்தடியில் கொஞ்ச நேரம் நிற்பாள், அவ்வளவுதான். அந்த நேரத்தில் அவளை யாரும் கூப்பிட மாட்டோம். மாமியார் கூடக் கூப்பிட மாட்டார். ஒரு வெயில் காலத்தில், வீட்டு வேலையில் மிகவும் அலுத்துப்போய், நானும் அவள் பக்கத்தில் போய் நின்றேன். அவள் கொஞ்சம் நகர்ந்து எனக்கு இடம் விட்டாள்.

அதற்கப்புறம் எண்ணெய் ஆலையை மூடினார்கள். கூலித் தகராறு, ஆட்கள் வெளியே நின்றார்கள், முதலாளி பூட்டைப் போட்டுவிட்டார். எங்கள் தெருவில் முக்கால்வாசி வீடுகள் அந்த ஆலையை நம்பியவை. ஆடியில் பூட்டியது ஐப்பசி வந்தும் திறக்கவில்லை. கிடங்கிலும் கொட்டை வரத்து நின்றுபோய் அக்காவுக்கு வாரத்தில் பாதி நாள் வேலை இல்லை. பிறகு மழை பிடித்துக்கொண்டது. ரயில் பாதையோரம் பெண்கள் பொறுக்கும் கரித்துண்டுகள் எல்லாம் நனைந்து கிடந்தன. வண்ணாரப்பேட்டையிலிருந்து வியாபாரம் செய்யும் ஒரு பாய் எங்கள் தெருவுக்கென்று அரிசி மூட்டைகள் அனுப்பினார். அதை எங்கள் வீட்டில்தான் இறக்கினார்கள், கொல்லை பெரியது, அண்டா வைக்க இடம் உண்டு என்று. அரிசி வந்துவிட்டது. ஆனால் எரிக்க ஒன்றும் இல்லை. விறகு விற்கும் தொட்டியில் சவுக்குக் கட்டை வந்து சேரவில்லை. வந்தாலும் எங்களுக்குக் கடனுக்குத் தரமாட்டார்கள். கயிற்றுக் கட்டில்களின் சட்டங்கள், கோழிக்கூண்டு, ஒரு வீட்டில் கொல்லைக் கதவு கூட அடுப்புக்குப் போயாயிற்று. பிள்ளைகள் அரிசியைத் தண்ணீரில் ஊறவைத்து மென்றார்கள். இரண்டு மூன்று வீடுகளில் வயிற்றுப்போக்கு கண்டுவிட்டது.

அன்று காலை மழை விட்டிருந்தது. தெரு ஆண்கள் நாலைந்து பேர் எங்கள் கொல்லையில் வந்து நின்றார்கள். எல்லாருக்கும் மனதில் ஒரே எண்ணம்தான். ஆனால் மரத்தைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அந்த மரம் யாருடையது என்று எல்லாருக்கும் தெரியும். அக்கா தன் கடைசிப் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வெளியே வந்தாள். வெட்டிவிடலாம் என்று அவளேதான் சொன்னாள். அவள் கணவர், என் மூத்தார், அதற்கு ஒப்பவில்லை. வேறு ஏதாவது பார்க்கலாம், இரண்டு நாள் போகட்டும் என்றார்.

"ரெண்டு நாளா பசங்க வேவாத அரிசியத் துன்னுகினு கீதுங்க," என்றாள் அக்கா. "இன்னும் இன்னா பாக்கப் போற?"

பிள்ளையை என்னிடம் கொடுத்துவிட்டுப் பக்கத்து வீட்டுக் கோடாலியை அவளே வாங்கினாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு அடிமரத்தில் வெட்டினாள். முதல் வெட்டு சரியாக விழவில்லை, பட்டை மட்டும் பெயர்ந்தது. அடுத்தது இறங்கியது. வேறு யாராவது வெட்டியிருந்தால் அவளுக்கு அவர்கள் மேல் கோபம் வந்திருக்கும். அது வேண்டாம் என்றுதான் அவளே எடுத்தாளோ என்று பிற்பாடு நான் நினைத்ததுண்டு. அன்று எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. பிள்ளையைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். கொஞ்ச நேரத்தில் மூத்தார் வந்து அவள் கையிலிருந்து கோடாலியை வாங்கிக்கொண்டார். மீதியை அவர் வெட்டி முடித்தார்.

பச்சை மரம் எளிதில் எரியுமா? பட்டுப்போன சுள்ளிகளையும் காய்ந்த காய்களையும் முதலில் போட்டோம். எங்கள் வீட்டு அலமாரிப் பலகையை உடைத்து இடையில் வைத்தோம். கட்டையின் முனையில் தண்ணீர் நுரைத்து வடிந்தது. புகை எங்கள் கொல்லையை நிறைத்துக்கொண்டு தெருவுக்குப் போயிற்று. ஊதி ஊதி எனக்குத் தலை சுற்றியது. உச்சிவேளைக்கு வைத்த கஞ்சி பொழுது சாயும் நேரத்தில்தான் வெந்தது. தெரு முழுவதும் சட்டி ஏந்தி வந்து வாங்கிப் போனார்கள். கஞ்சியில் புகை நாற்றம் அடித்தது. யாரும் அதைச் சொல்லவில்லை. அக்கா சாப்பிடமாட்டாள் என்று நினைத்தேன். அவள் எல்லாரையும் போல உட்கார்ந்து, இரண்டாம் தடவையும் வாங்கிச் சாப்பிட்டாள். அந்த மரம் ஆலை திறக்கும் வரை எங்கள் தெருவுக்கு அடுப்பெரித்தது. ஆலை திறந்தபோது கேட்ட கூலி கிடைக்கவில்லை. என் கணவரை உள்ளே எடுத்தார்கள், மூத்தாரை எடுக்கவில்லை. அவர் துறைமுகத்தில் கரி இறக்கப் போனார்.

மழை முடியும் தறுவாயில் அடிக்கட்டையிலிருந்து துளிர் வந்தது. செம்பு நிறத்தில் சின்னச் சின்ன இலைகள். எனக்குத் தாங்கமுடியாத சந்தோஷம். ஓடிப்போய் அக்காவிடம் சொன்னேன். பார்த்தேன் என்றாள். மறுநாள் காலையில் கொல்லைக்குப் போனால், ஆலை திறந்த பிறகு வாங்கிய வெள்ளாட்டை அந்தக் கட்டையில் கட்டியிருந்தாள். ஆடு பாதித் துளிரைத் தின்றுவிட்டிருந்தது. நான் ஆட்டை அவிழ்த்து வேறு பக்கம் கட்டினேன். அவள் வந்து மறுபடியும் அங்கேயே கட்டினாள். அதுவரை எங்களுக்குள் சத்தமாக ஒரு பேச்சு வந்ததில்லை. அன்று நான் கேட்டேன், உனக்கென்ன பைத்தியமா என்று.

அவள் கோபப்படவில்லை. கட்டையின் மேலேயே உட்கார்ந்தாள். அவள் உட்கார்ந்து நான் பார்த்ததே குறைவு.

"இன்னொரு தபா ஆசப்பட்டு தண்ணி ஊத்திகினு இருக்க என்னாண்ட தெம்பு இல்ல மே," என்றாள். "வுட்டுடு."

நான் விடவில்லை. அவள் கிடங்குக்குப் போன பிறகு ஆட்டை மாற்றிக் கட்டினேன், முள் வெட்டிவந்து சுற்றி வைத்தேன். குழாய்த் தண்ணீரில் என் பங்கை ஊற்றினேன். அவளுக்குத் தெரியும். தடுக்கவும் இல்லை, ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றவும் இல்லை. பழைய வேர் என்பதால் முன்னை விட வேகமாக வளர்ந்தது. மூன்றாம் வருஷம் சித்திரையில் ஒரு கிளையில் மட்டும் நாலைந்து சரம் பூத்தது. பூப்பதற்கு முன்னாலேயே மாமியார் போய்விட்டார். இருந்திருந்தால் முருங்கை கதையை மறுபடி எடுத்திருப்பார். சாயங்காலம் அக்கா வரும் நேரத்துக்கு நான் கொல்லையில் காத்திருந்தேன். வந்தாள். தொட்டியடிக்குப் போய்க் கால் கழுவினாள். அக்கா, பார் என்றேன். திரும்பிப் பார்த்தாள்.

"நல்லா கீது," என்றாள். உலை வைத்தாயிற்றா என்று கேட்டுக்கொண்டே உள்ளே போனாள். அவள் குரலில் வருத்தம் இருந்திருந்தால் கூட எனக்குப் பரவாயில்லை. ஒன்றும் இல்லை. மூத்தாருக்குக் கரித்தூளால் இருமல் வந்திருந்த காலம். மூத்த பெண்ணுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்த காலம். அவள் கண்ணில் அதற்கு இடம் இல்லை. அதன் பிறகு ஒவ்வொரு சித்திரையிலும் அது பூத்தது. அவள் நின்ற இடத்தில் நான் கொஞ்சம் நின்றேன். எனக்கு அவளைப் போல நிற்க வரவில்லை. அடுப்பு, துணி, பிள்ளை என்று ஏதாவது ஒன்று உடனே நினைவுக்கு வந்துவிடும்.

பின்னொரு வருஷம் வீட்டுச் சொந்தக்காரர் எங்கள் வரிசை வீடுகளைக் கிடங்கு கட்டுகிறவர்களுக்கு விற்றுவிட்டார். காலி செய்யச் சொன்னார்கள். மூத்தார் அப்போது உயிரோடு இல்லை. நாங்கள் ராயபுரத்தில் சின்னதாக ஓர் இடம் பார்த்துக்கொண்டோம். கைவண்டியில் பாத்திரங்களை ஏற்றிக்கொண்டிருக்கும்போதே கிடங்குக்காரர்களின் ஆட்கள் இடத்தைச் சுத்தம் செய்ய வந்துவிட்டார்கள். ஒருவன் மரத்தடியில் கோடாலியைச் சாய்த்து வைத்துவிட்டு, நாங்கள் போகட்டும் என்று பீடி பிடித்துக்கொண்டு நின்றான். வைகாசி முதல் வாரம், மரம் நிறையப் பூ. எனக்கு அழுகை வந்துவிட்டது. அக்கா அண்டாவைக் கயிற்றால் இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தாள். கட்டி முடித்துவிட்டு என் பக்கத்தில் வந்தாள்.

"அழுவாத," என்றாள். "இந்த தபா வெட்றது நாம இல்ல. அதுவே போதும்."

தன் கையால் வெட்டியதை இத்தனை வருஷம் அவள் சுமந்துகொண்டிருந்தாள் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. அவள் வண்டியின் பின்னால் போய்த் தள்ள ஆரம்பித்துவிட்டாள். நானும் போய்க் கை கொடுத்தேன்.

அக்கா போய்ப் பல வருஷம் ஆகிறது. இப்போது நான் மகனோடு, தண்ணீருக்குக் குறையில்லாத ஒரு புதுக் குடியிருப்பில் இருக்கிறேன். வாசலில் யாரோ வைத்த பெருங்கொன்றை ஒன்று நிற்கிறது. யாரும் தண்ணீர் ஊற்றாமலே வளர்ந்து, தன் பாட்டுக்குப் பூத்துக் கொட்டுகிறது. பெருக்கிப் பெருக்கி என் மருமகளுக்குக் கை வலி. அலுத்துக்கொள்வதை நான் குற்றம் சொல்லமாட்டேன், நானும் பெருக்கியவள்தான். போன வாரம் கேட்டாள், இதை வெட்டிவிடலாமா அத்தை என்று. எனக்கு அதில் பிடிவாதம் எதுவும் இல்லை. மரத்துக்காக வாதாடும் வயசெல்லாம் போய்விட்டது. வெட்டுவதானால் ஆள் வைத்து வெட்டு, நீ கோடாலியைத் தொடாதே என்று மட்டும் சொன்னேன். ஏன் என்று கேட்டாள். சொல்ல ஆரம்பித்தால் நீளும் என்று தோன்றியது. வேலையைப் பார் என்றேன்.